செம்பனைத் தோட்டமும் ரேஸ் காரும்: கதை எடுபடுமா?

தோட்டத்துக்காரி: பந்திங் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்தில் நடக்கிற இளையோர் நாவல் எழுதுகிறேன். அப்பா பட்டறையில் பழைய புரோட்டோன் சாகா காரைப் பிரித்துப் பிரித்து வளர்ந்த கவிதா, கோலாலம்பூரிலிருந்து வரும் கார்ட்டிங் (குட்டி ரேஸ் கார்) ஓட்டுநர் நிஷா, ரெண்டு பேருக்கும் காதல். போட்டியை எங்கே வைக்கலாம், தெருவிலா செப்பாங் பந்தயத் தடத்திலா?

மணி அண்ணன்: செப்பாங்தான்மா. 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, அதில் கடைசி வளைவு ரெண்டு நீண்ட நேர்ப்பாதைக்கு நடுவே கொண்டை ஊசி மாதிரி மடங்கும். அங்கே யார் கடைசி நொடிவரை பிரேக்கைத் தொடாமல் போகிறாள் என்பதிலேயே ரெண்டு பேர் குணமும் தெரிந்துவிடும். அந்தப் புழுக்கத்தையும் திடீர் மழையையும் விட்டுடாதே. தெரு ரேஸ் வேணாம், செம்பனை லோரி வருகிற ரோடு.

வாசகி: காதலைச் சுருக்கிடாதீங்க அக்கா! நிஷா கையில் ஒட்டின கறுப்பு எண்ணெயைக் கவிதா சலவைத்தூள் போட்டுத் தேய்த்துவிடுகிற மாதிரி ஒரு காட்சி, அது போதும். இத்தாலிய ரேஸ் ஓட்டுநர் லெல்லா லொம்பார்டியையும் பேச்சில் கொண்டு வாங்க: 1975 ஸ்பெயின் போட்டியில் அரைப் புள்ளி, ஃபார்முலா 1-இல் புள்ளி எடுத்த ஒரே பெண், அவரும் பெண்ணைக் காதலித்தவர்தான். அப்புறம், யாரையும் சாகடிக்காதீங்க.

தோட்டத்துக்காரி: சரி, யாரும் சாக மாட்டார்கள். அம்மாவிடம் மாட்டுவார்கள், அவ்வளவுதான்.