ஏலத்தோட்டம் – நம்ம குடும்பம்

தம்பி: சித்தப்பா, திங்கக்கிழமை கம்பத்துலருந்து மரம் ஏறுற ஆளுங்க வராங்க. வண்டன்மேட்டுத் தோட்டத்து மேல்பக்கம் நிழல் மரக் கிளையெல்லாம் வெட்டி ஒரேயடியா திறந்து விட்டுடலாமா? வெயில் பட்டா காய் கூடும்ங்கறாங்க.

சித்தப்பா: வேணாம்பா. ஏலத்துக்கு 40–60 சதவீதம் நிழல் இருக்கணும். கீழ நின்னு பாரு, தரையில வெயில் புள்ளி புள்ளியா விழணும். பக்கக் கிளையை மட்டும் இறக்கு, உச்சியைத் தொடாத.

பெரியப்பா: மழைக்காட்டு மண்ணுல சத்து மேல ஒரு சாண்லதான் இருக்கு. அடியில இருக்கற செம்மண் சத்தைப் பிடிச்சு வைக்காது, அந்த வேலையைச் செய்யறது மக்கிப்போன இலைதழைதான். நிழல் போனா மண் சூடேறும். 10 டிகிரி கூடினா மக்குற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. முதல் வருஷம் செடி கருகருன்னு வரும், பார்த்து ஏமாந்துடாத. சேர்த்து வச்ச தழைச்சத்து (நைட்ரஜன்) மொத்தமா வெளிய வர்ற பச்சை அது. ஆனி ஆடி மழையில மிச்சமெல்லாம் ஓடையில போயிரும். அதுக்கப்புறம்தான் ஏலச்செடியோட தட்டை, அதான் தண்டு, மெலியும்.

அத்தை: அப்ப நல்லா அடர்த்தியாவே விட்டுடலாமே அண்ணே?

பெரியப்பா: இல்லம்மா. கும்மிருட்டா இருந்தா ஈரம் காயாது, மழைக்காலத்துல அழுகல் வந்துரும். பூவும் குறையும்.

சித்தப்பா: நிழல் இருந்தா மட்டும் மண்ணு தங்காது, தரையில சருகு கிடக்கணும். உயர மரத்துல இலை நுனியில துளி சேர்ந்து பெருசாகித்தான் விழும். 8–10 மீட்டர்லருந்து விழுந்தா வெட்டவெளி மழையை விட பலமா மண்ணை அடிக்கும். சருகு கூட்டின மரத்தடியில குனிஞ்சு பாரு. சின்னச் சின்னக் கல்லுக்கு அடியில மட்டும் மண்ணு விரக்கடை உயரத்துக்குத் தூணாட்டம் நிக்கும். சுத்தி இருந்த மண்ணு அவ்வளவும் போயிருச்சுன்னு அர்த்தம்.

தம்பி: வெட்டின தழையை அப்படியே மண்ணுக்குள்ள கொத்தி விட்டுடலாமா?

சித்தப்பா: முருக்கு, அதான் கல்யாண முருங்கை, தழைன்னா பரவால்ல, சீக்கிரம் மக்கி தழைச்சத்து குடுக்கும். சில்வர் ஓக் இலை தோல் மாதிரி, மண்ணுக்குள்ள போட்டா மக்க வைக்கற நுண்ணுயிர் மண்ணுல இருக்கற தழைச்சத்தையும் இழுத்துக்கும். செடி வெளுத்துரும். ரெண்டையும் கலந்து மேலாக 4 விரல் கனம் விரி. தூரை ஒட்டிக் குவிக்காத, அழுகும். குச்சியெல்லாம் சரிவுக்குக் குறுக்க போடு.

அத்தை: பாதி மரத்தை இந்த வருஷமும் மீதியை அடுத்த வருஷமும் பண்ணுனா என்ன?

பெரியப்பா: அதுதான் சரி. ஜூன் மழை பிடிக்கறதுக்குள்ள முடிச்சிரு. கிளையோட நிறுத்திக்கோ, மரத்தை வெட்ட அனுமதி வாங்கணும்.

தம்பி: சரி பெரியப்பா. மண்ணு சோதனைக்கும் குடுத்துடறேன்.

பெரியப்பா: நிழல்ல எடுத்ததையும் வெளியில எடுத்ததையும் ஒண்ணா கலந்துடாத. சருகை ஒதுக்கிட்டுத் தோண்டு. உரம் வச்ச தூர் பக்கம் எடுக்காத.