டிராக்கில் பிரேக் பெடல் உள்ளே போனால்

பிரேக் போச்சு என்று ரேஸ் டிராக்கில் இருந்து பிட்டுக்குள் (வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) வரும் வண்டிக்கு முதல் கேள்வி: பெடல் உள்ளே போகுதா, விறைப்பா நிக்குதா? பஞ்சு மாதிரி அமுங்கி, ரெண்டு மூணு தடவை மிதிச்சதும் மேலே வந்தால், பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. ஆயில் அமுங்காது, அதிலிருந்து கிளம்பிய ஆவி அமுங்கும். பெடல் விறைப்பா இருந்தும் வண்டி நிக்கலைன்னா, பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) சூடு தாங்காமல் பிடியை விட்டிருக்கு. அதுக்கு ஏர் எடுத்து, அதாவது ஆயில் லைனில் உள்ள காத்தை வெளியேத்திப் பயனில்லை, பேட் மாத்தணும்.

பிரேக் ஆயிலுக்கு டாட் (DOT) என்று தர எண் உண்டு. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் இழுத்த பிறகு 155 வரை இறங்கலாம். டாட் 5.1-க்கு இதுவே 260, 180. டாட் 5 சிலிக்கான் ஆயில், இவற்றோடு கலக்கவே கூடாது. போன சீசனில் சீல் உடைச்ச ஆயில் டப்பாவைக் கொண்டு வராதீங்க.

பெடல் இறங்கியதுமே வேகத்தைக் குறைச்சு, ஒரு லேப் (டிராக்கின் ஒரு முழுச் சுத்து) பிரேக்கைத் தொடாமல் சுத்தி சூட்டை இறக்குங்க. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க. சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கிட்டு, அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் வண்டி உதறும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

*

ஏர் எடுக்கிறது பத்தி: காலிபர் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பகுதி) கை வைக்கிற சூட்டுக்கு வரட்டும். காலிபரில் உள்ள நிப்பிளில் (ஏர் எடுக்கும் திருகு) உள்ளே தெரியும் டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்க. ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்க, இன்னொருத்தர் நிப்பிளைக் கால்வாசிச் சுத்து திறந்து, நிப்பிளை மூடின பிறகுதான் பெடலை விடணும். இந்த வரிசை மாறினால் காத்து திரும்ப உள்ளே போயிடும். ரிசர்வாயரில் (பிரேக் ஆயில் ஊத்தும் டப்பா) ஆயில் மட்டம் MIN கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. சில பெரிய காலிபர்களில் உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு நிப்பிள் இருக்கும். ரெண்டிலும் எடுக்கணும்.

பலரும் விடுறது இதை: ஏர் எடுக்கும்போது பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காதீங்க. மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதிச்சதும் ஆயிலைத் தள்ளும் பகுதி) வழக்கமா சீல் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும், அது சீலைக் கிழிச்சிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை போதும்.

*

மேலே சொன்னதோடு இன்னொண்ணு. கெர்ப் (டிராக் ஓரத்து மேடு) மேலே ஏறி இறங்கின பிறகு மட்டும் முதல் மிதி ஆழமா போய், அடுத்த மிதி சரியா இருந்தால் அது ஆயில் இல்லை. வீல் பேரிங் ஆட்டத்தில் டிஸ்க் சாய்ந்து காலிபர் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுது. ஜாக்கி வச்சு, சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஒருத்தர் பிரேக்கை மிதிச்சிருக்கும்போது ஆட்டம் நின்னால் சந்தேகம் பேரிங் மேல்தான். நிக்கலைன்னா பால் ஜாயின்ட்டை (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) பாருங்க. எதுவா இருந்தாலும் ஆட்டம் உள்ள வண்டி அன்னைக்கு மறுபடி டிராக்கில் இறங்கக் கூடாது.

சக்கரம் கழட்டினா நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்குங்க, அடுத்த ஓட்டத்துக்கு அப்புறம் ஆறினதும் மறுபடி பாருங்க.

ரோட்டில் ஓட்டியே வீடு திரும்பணும்னா கிளம்புறதுக்கு முன்னாடி இன்ஜினை ஓட விட்டு, பெடலை முப்பது செகண்ட் அழுத்திப் பிடிங்க. மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கலாம், இல்லைன்னா எங்கேயோ கசியுது. காரணம் தெரியுற வரை வண்டி டிரெய்லரில்தான் போகணும்.