'மிஸ், அவள் போய்விட்டாள்': கடல் கடந்து பிரிந்த குடும்பங்களோடு எங்கள் அனுபவங்கள்

நுவரெலியா மாவட்டக் கள உத்தியோகத்தர்:

2017இல், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக ஒரு தாய் கொடுத்த விண்ணப்பத்தைப் பரிந்துரைக்க மறுத்தேன். இன்றும் அது என் மனத்தை அறுக்கிறது.

இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கு 2013இல், வீட்டு நிலையை விசாரித்து எழுதும் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக் கூடாது என்று இருந்தது. 2022இல்தான் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். அந்தப் பெண்ணின் மகனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு மூன்று. அவர்கள் இருந்த தேயிலைத் தோட்ட லயத்து அறையில் மழை ஒழுகியது. அடகு வைத்த நகை மூழ்கும் நிலையில் இருந்தது. "சட்டம் இடம் தராது, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அதே தோட்டத்துக்குப் போனேன். கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளின் அம்மாயி (அம்மம்மா) சொன்னார்: "மிஸ், அவள் போய்விட்டாள். ஒரு ஏஜென்ட் விசிட் விசாவில் குவைத்துக்கு அனுப்பிவிட்டான்."

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லை. அதனால் காப்புறுதி இல்லை, கையில் ஒப்பந்தமும் இல்லை. ஏழு மாதம் சம்பளம் நின்றபோது யாரைக் கேட்பது என்று எவருக்கும் தெரியவில்லை. வேலையாளின் விசாவை எஜமானோடு கட்டிப்போடும் கஃபாலா முறையில், அவரின் சம்மதமில்லாமல் வேறு வீட்டுக்கு மாறவும் வழியில்லை. நான் மறுத்ததால் அவள் வீட்டில் நின்றுவிடவில்லை, பதிவில்லாமல் போனாள். சட்டப்படிதான் நடந்தேன், ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இதற்கிடையில் மகன் பாடசாலையை விட்டுவிட்டான். அவனை விடுதியில் சேர்ப்பதா, அம்மாயியிடமே விடுவதா? படிவத்தில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் அம்மாயியின் பெருவிரல் அடையாளம் இருந்தது. தாயிடம் கேட்கப் படிவத்தில் இடமே இல்லை. அவளுக்குத் தொலைபேசி கிடைப்பது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, வேலை முடிந்த பிறகு. இங்கே அப்போது நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பேசினேன். விடுதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் முன்பே, "அவன் மெலிந்துவிட்டானா, மிஸ்?" என்று கேட்டாள்.

ஸ்கார்பரோ, கனடா, குடும்ப நலப் பணியாளர்:

அக்கா, எனக்கு வந்தது பிள்ளை வந்து சேர்ந்த பிறகு தொடங்கும் சிக்கல். தாயும் தகப்பனும் அகதிக் கோரிக்கை வைத்து, நிரந்தர வதிவிடம் பெற்று, மகனைக் கூப்பிடப் பத்து வருடம் பிடித்தது. பதினைந்து வயதில் வந்து இறங்கியவன், யாழ்ப்பாணத்தில் தன்னை வளர்த்த சித்தியைத்தான் 'அம்மா' என்பான். பெற்றவரை எப்படியும் கூப்பிட மாட்டான்.

பாடசாலைக் கூட்டத்தில், இங்கே பிறந்த ஒன்பது வயதுத் தங்கைதான் தாய்க்கு மொழிபெயர்த்தாள். அண்ணனின் கைகலப்பைப் பற்றி ஆசிரியர் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டாள், அம்மா அழுவார் என்று. கூட்டத்தை நிறுத்தி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். வந்தவர் தாயின் ஊர்க்காரர்! கதை கோயில் வரைக்கும் போய்விடும் என்ற பயத்தில் தாய் வாயே திறக்கவில்லை. அடுத்த முறை வேறு மாகாணத்திலிருந்து ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம், அவரிடம் குடும்பத்தின் பெயரைச் சொல்லவில்லை. அன்று அந்தத் தாய் நாற்பது நிமிடம் பேசினார்.

பிறகு சித்தியையும் வாட்ஸ்அப்பில் சேர்த்தேன். "சட்டப்படி எந்த உறவும் இல்லாதவர் ஏன் கோப்பில் வருகிறார்?" என்று என் மேலாளர் கேட்டார். அந்தப் பையன் பேச்சுக் கேட்பது அவரிடம் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தேன். இதற்காக இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் வாதாடுவேன்.

அந்தத் தங்கச்சி திரும்பி வந்தாரா, அக்கா?

நுவரெலியா மாவட்டக் கள உத்தியோகத்தர்:

வந்தாள், தம்பி. தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் சில வாரங்கள் இருந்துவிட்டு 2019இல் வந்தாள். மகனை நாங்கள் விடுதிக்கு அனுப்பவில்லை. தாயின் விருப்பப்படி அம்மாயியோடேயே இருந்தான்.

கடன் தீரவில்லை. அந்த வருடக் கடைசியிலேயே மறுபடியும் விண்ணப்பித்தாள், இந்த முறை பதிவோடு. சின்னவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. மூன்று தடவை வீட்டுக்குப் போனேன். அம்மாயியின் இருமலுக்கு மருந்து எடுக்க யார் கூட்டிப் போவார்கள் என்பது வரை விசாரித்தேன். கடைசியில் சின்னவளிடமும் கேட்டேன். "அம்மா பகலில் பேசுவாரா? ராத்திரி என்றால் நான் தூங்கிவிடுவேன்" என்றாள். வேலை ஒப்பந்தத்தில் பகலில் தொலைபேசி நேரம் கேட்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன்.