கரையோரத்துக்குச் சொன்ன காற்று எங்கள் கூரைக்கு வந்த இரவு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

லுணுகலை மகள்

மூன்று வருடம் ஆகிறது. இன்னும் இரவில் தகரம் படபடத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அன்று ராத்திரிச் செய்தியில் வானிலை சொன்னார்கள். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கரையோரத்தில் பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா "பாவம், கடக்கரைச் சனம்" என்று சொல்லி ரேடியோவை நிறுத்திவிட்டார்.

நாங்கள் இருப்பது மலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில். அதில் எங்களுடையது கடைசிக் காம்பரா. அதற்கு அப்பால் வீடு கிடையாது, நேரே கிழக்குச் சரிவு. ஒரு மணி இருக்கும். சவுக்கு மரங்கள் இரைந்தன, அது எங்களுக்குப் பழக்கம்தான். திடீரென்று இரைச்சல் நின்றது. அப்புறம் தகரத்தின் ஓரம் மெதுவாக, வெளியே ஆள் நின்று தூக்குவது போல எழும்பியது. அம்மாயி படுத்திருந்த இடத்துக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு வானம் தெரிந்தது. மழையே இல்லை, நட்சத்திரம் தெரிந்தது. தகரம் படிந்தது, மறுபடி எழும்பியது. அம்மாயி அதையே பார்த்துக்கொண்டு "கல்லு, கல்லு" என்றார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க நாங்களே மேலே ஏற்றி வைத்த கற்கள்! அவரைக் கையைப் பிடித்து இழுத்தேன். தேங்காய் அளவுக் கல் ஒன்று தலையணையில் வந்து விழுந்தது. தலையணை இன்னும் அவர் தலை வைத்த பள்ளத்தோடு இருந்தது.

அம்மாயி இப்போது இல்லை, வயதாகித்தான் போனார். ஆனால் அந்தப் பள்ளம் கண்ணை விட்டுப் போகவில்லை. மட்டக்களப்புக்குச் சொன்ன காற்று எங்களுக்கு எப்படி வந்தது? வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

அப்புத்தளை டீச்சர்

ஒரு ஜனவரி. தொடருந்துப் பாதைக்கு மேலே இரண்டு மேட்டுக்கு நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது, பிள்ளைகள் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் வர வேண்டும். காற்று அதற்குள் புகுந்தால் பீலித் தண்ணீர் மாதிரி ஒரே பக்கமாகப் பாயும். அன்று ஏழு பிள்ளைகளைக் கை கோர்க்கச் சொல்லிக் கூட்டிப் போனேன். நடுவில் இருந்த நான்காம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பையில் காற்று பிடித்து, அவள் கால் இரண்டும் தரையை விட்டுவிட்டன. கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாள். இரண்டு பக்கமும் கை பிடித்திருந்த பிள்ளைகள் விடவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் பைகளைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கெப்பெட்டிபொல லொறி

தங்கச்சி, நீங்கள் எழுதியது நான் ஓடின அதே இரவுதானோ தெரியாது. நான் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி மட்டக்களப்பு போகிறவன். அன்று சாமான் இறக்கிவிட்டுப் பார்த்தால், கரையில் இருந்த தோணிகளை எல்லாம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துத் தென்னையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு தோணிக்குத் தோள் கொடுத்தேன். அதில் ஒரு பெரியவர், 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைக் கண்ணால் பார்த்தவர். கயிற்றை முடிந்துகொண்டே "மகன், மலைக்கா திரும்பிப் போறீங்க? இந்த வாடை எங்களோட நிக்காது, உங்கட பக்கம்தான் வருது" என்றார்.

வீட்டுக்குச் சொல்ல போன் எடுத்தேன். சிக்னல் இல்லை. எத்தனை தரம் எடுத்தேன் என்று எண்ணவில்லை. விடிய லுணுகலைக்கு மேலே சவுக்கு மரம் மூன்று ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டி எடுக்கும்வரை லொறியை விட்டுவிட்டுப் பசறைவரை நடந்தேன். கடலோரத்துப் பெரியவருக்குத் தெரிந்தது என் வீட்டுக்குத் தெரியவில்லையே என்றுதான் வழி முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

வானிலை பார்க்கிறவன்

எல்லோரும் "கரையோரத்துக்குச் சொன்னது" என்றே எழுதுகிறீர்கள். அது சரியில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை முழுதாக வாசியுங்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று காலம். கடற்பரப்பு, கரையோரம் என்று சொன்ன பிறகு, "மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளிலும்" என்று ஒரு வரி பல நாள் வரும். அது லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் எல்லாம் சேர்ந்ததுதான். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் காற்றுக்கு மட்டக்களப்பிலிருந்து பிபிலைவரை தடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் முட்டுவது உங்கள் மலையில். மேலே ஏறும்போது இடம் குறுகுவதால் முகட்டிலும் இடுக்கிலும் வேகம் கூடுகிறது. டீச்சர் சொன்ன இடுக்கு அதுதான்.

2025 நவம்பரில் டித்வா புயல் கரை தொட்டது கிழக்கில். ஆனால் மண் சரிந்து சனம் போனது பதுளையிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் மாத்தளையிலும். அதற்குப் பிறகுமா கரையோரம் வேறு, நாம் வேறு என்று நினைப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றோடு மழையும் வந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் புறப்படத் தயார், 150 தாண்டினால் இடத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே ஓரளவு தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

லுணுகலை மகள்

அண்ணா, நீங்கள் சொல்கிற வரி இருந்திருக்கும். நாங்கள் கேட்டது ஒரு நிமிடச் செய்தி. அதில் கடலோடு நிறுத்திவிட்டார்கள். என் போனுக்கு வந்த எச்சரிக்கை சிங்களத்தில் இருந்தது, அதை வாசிக்கத் தெரிந்த தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான். ரேடியோவை நிறுத்தியது எங்கள் பிழை என்று அம்மா இன்றும் சொல்லி அழுகிறார். அதை நீங்களும் சொல்ல வேண்டாம்.

வானிலை பார்க்கிறவன்

மன்னியுங்கள் தங்கச்சி. அம்மாவைச் சொல்லவில்லை.

கந்தப்பளை உருளைக்கிழங்கு

எங்கள் பக்கம் கதை வேறு. காற்று அடிக்கிற இரவு நான் நிம்மதியாகத் தூங்குவேன், நின்றால்தான் பயம். ஜனவரி, பெப்ரவரியில் மேகம் இல்லாமல் காற்றும் அசையாமல் இருந்தால் விடியற்காலையில் உறைபனி விழும். போன தடவை நாலரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். இலை ஒவ்வொன்றின் ஓரத்திலும் உப்புத் தூவினது போல. தொட்டால் நொறுங்கியது. வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், பம்ப் இழுக்கவில்லை. நானும் மகளும் வாளியால் ஊற்றினோம். எட்டு மணிக்கு, எட்டாத பாத்தி எல்லாம் வெந்நீர் ஊற்றினது மாதிரி கறுத்துச் சாய்ந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தும் கருகிப் போனது. எங்களுக்கும் அறிக்கையில் ஒரு வரிதான் வரும்.

தகர வேலை பாஸ்

நான் பண்டாரவளைப் பக்கம். 22 வருடமாகக் கூரை வேலை. ஒருமுறை நான் போட்ட கூரையே போனது, சின்னப் பிள்ளைக்கு நெற்றியில் ஆறு தையல். அந்த வீட்டு வழியாக இன்றும் நான் போவதில்லை.

அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கூரை மேல் கல் வைக்காதீர்கள். டயரும் வேண்டாம். காற்று தகரத்தை மேலிருந்து அமுக்குவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. ஓரமும் மூலையும்தான் முதலில் எழும்பும். எழும்பினால் கல் உள்ளே வரும், அந்தத் தங்கச்சிக்கு நடந்தது அதுதான். தப்பாமல் பாரம் வைக்க வேண்டுமென்றால் மண் மூட்டை, அதையும் ஆள் படுக்கிற இடத்துக்கு மேலே வைக்கக் கூடாது. ரப்பர் வாசர் போட்ட ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். நடுவில் இடைவெளி விடலாம், ஓரத்தில் விடாதீர்கள், மேட்டுக்கு ஒன்று அடியுங்கள். ஆணி எத்தனை அடித்தாலும், தகரத்தைத் தாங்குகிற கைமரம் சுவரோடு பிடிக்காவிட்டால் தகரம் மரத்தோடு சேர்ந்து போகும். நான் பார்த்த லயக் கூரைகளில் பாதி, சுவர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கட்டுக்கம்பியை இரண்டாக முறுக்கி, கைமரத்தைச் சுற்றிச் சுவர் மேல் கிடக்கும் மரத்தோடு இறுக்குங்கள். காற்று வருகிற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். அது திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், வெளியில் அது இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் எந்த ஆணியும் நிற்காது. இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு, வெளியே நீட்டின தகரம் அரை முழத்துக்கு மேல் வேண்டாம், காற்று அதைக் கைப்பிடியாகப் பிடிக்கும்.

லுணுகலை மகள்

பாஸ் அண்ணா, கூரையில் கை வைக்க தோட்டத்தில் அனுமதி கேட்க வேண்டும். கேட்டோம், இன்னும் பதில் இல்லை. கம்பி கட்டுவது உள்ளே இருந்துதானே, அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று மாமா கம்பி வாங்கி வந்தார். நான் மேசை மேல் ஏறி டார்ச் பிடித்தேன். மூன்று கைமரம் கட்டியாகிவிட்டது, நாலாவது உளுத்திருக்கிறது, கம்பியை இறுக்கினால் மரத்துக்குள் இறங்குகிறது. அதற்கு என்ன செய்வது?

தகர வேலை பாஸ்

அதில் கட்டாதீர்கள். பக்கத்தில் புது மரம் ஒன்று சேர்த்து, இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பசறையில் எனக்கு வேலை இருக்கிறது. ஒன்பதடி மரம் ஒன்று மட்டும் எடுத்து வையுங்கள், நான் வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் அந்த மரத்துக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம்.