ஹெட்போனில் முழங்கும் கிட்டார், மேடை ஸ்பீக்கரில் எங்கே போகிறது?

மேட்டுலயம்:
வணக்கம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து கல்யாண வீடுகளிலும் கோவில் திருவிழாக்களிலும் வாசிக்கிறோம். என்னிடம் இருப்பது கைமாறி வந்த ஒரு சிறிய டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பெடல். ஆம்ப் ஒலி, டிலே (எதிரொலி), கோரஸ் (பல கிட்டார் சேர்ந்தது போன்ற அசைவு), ரிவெர்ப் (மண்டப முழக்கம்) எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. நான்கு பட்டரியிலும் ஓடும், 9 வோல்ட் அடாப்டரிலும் ஓடும். ஒலி வெளியே வர ஒரே ஒரு துளைதான். ஹெட்போனையும் அதில்தான் மாட்ட வேண்டும், மிக்ஸருக்குப் போகும் வயரையும் அதில்தான் மாட்ட வேண்டும்.

இரவில் ஹெட்போனில் வாசித்தால் குறை சொல்ல எதுவுமில்லை. மேடையில் சவுண்ட்ஸ்காரரின் மிக்ஸரில் இணைத்தால் மூன்று தொல்லைகள். பெரியது இதுதான்: கிட்டாரின் உடம்பே காணாமல் போய், ரிவெர்ப்பின் வாலும் கோரஸின் அசைவும் மட்டும் கேட்கின்றன. அவற்றை நிறுத்தினால் ஏறக்குறைய மௌனம். அடுத்தது ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன், போட்டவுடன் குளவிக் கூடு கலைந்தது போல ஓர் இரைச்சல். கடைசியாக, வாசிக்காமல் நிற்கும்போது ‘கீ’ என்று ஒரு விசில், அதற்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். கம்பியைத் தொட்டால் முனகல் குறைகிறது, விசில் அப்படியே இருக்கிறது.

பெடலைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிப் பார்த்தேன். மாற்றமில்லை. பழுதாகிவிட்டது, வந்த விலைக்கு விற்றுவிடு என்கிறார்கள் நண்பர்கள். விற்பதற்கு முன் யாராவது வழி சொல்ல முடியுமா?

நானுஓயா:
சின்னப் பெட்டிகள் எல்லாம் இப்படித்தான். வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட்டைக் கூட்டி வையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் நல்ல ஆம்ப் ஒன்றுக்குப் பணம் சேருங்கள்.

கொட்டகலை_ஒலி:
மேலே சொன்னதைக் கேட்டு ஆம்ப் வாங்கினாலும் அதே வயரைக் கொண்டுபோய் அதே மிக்ஸரில் பெடலை மாட்டினால் அதே ஒலிதான் வரும். தம்பி, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பெடலிலிருந்து மிக்ஸருக்குப் போகும் வயரின் முனையைப் பாருங்கள். உலோகக் காம்பில் எத்தனை கறுப்பு வளையம் இருக்கிறது? ஒன்றா, இரண்டா?

மேட்டுலயம்:
இரண்டு அண்ணா, இரு முனைகளிலும். சவுண்ட்ஸ்காரர் கொடுத்த வயர் அது. தன்னிடம் இருப்பதிலேயே நல்லது என்றுதான் கொடுத்தார்.

கொட்டகலை_ஒலி:
நல்ல வயர்தான், சந்தேகமில்லை. இந்த வேலைக்கு உரியதல்ல, அவ்வளவுதான்.

இரண்டு வளையம் என்றால் உள்ளே மூன்று இணைப்பு: நுனி, நடு வளையம், தண்டு. உங்கள் பெடலின் துளை ஹெட்போனுக்கும் சேர்த்து அமைந்தது. ஆகவே இடது காதுக்கான ஒலியை நுனியிலும் வலது காதுக்கான ஒலியை நடு வளையத்திலும் அது அனுப்புகிறது. மிக்ஸரின் பேலன்ஸ்டு துளைக்கோ இடது, வலது என்ற கணக்கே கிடையாது. நுனியில் வருவதிலிருந்து நடு வளையத்தில் வருவதைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். நீண்ட வயரில் வழியில் ஏறும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறும், கழித்தால் ஒழியும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

எஃபெக்ட் சேராத உங்கள் கிட்டாரின் நேர் ஒலி இரு காதுக்கும் ஒரே அளவாகத்தானே போகிறது? மிக்ஸர் அதையும் இரைச்சல் என்று எண்ணிக் கழித்துவிடுகிறது. ரிவெர்ப்பும் ஸ்டீரியோ கோரஸும் இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபடுவதால் தப்பித்துக்கொள்கின்றன. வால் மட்டும் கேட்கிறது என்று நீங்கள் எழுதிய உடனேயே பெடல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஒற்றை வளையமுள்ள சாதாரண கிட்டார் வயரைப் போட்டுப் பாருங்கள். அந்தத் துளை மோனோ முனையை ஏற்குமா என்பது பெடலின் கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் ஏற்கும். இடமும் வலமும் இரண்டுமே வேண்டுமானால், ஒரு பக்கம் ஸ்டீரியோ முனையும் மறுபக்கம் இரண்டு மோனோ முனைகளும் உள்ள பிரிப்பு வயரை வாங்கி மிக்ஸரில் இரண்டு சானல்களில் கொடுங்கள். மேடைக்கும் மிக்ஸருக்கும் தூரம் அதிகம் என்றால் நடுவில் ஒரு டிஐ பெட்டி (கருவியின் ஒலியை நீண்ட மைக் வயருக்கு ஏற்ற பேலன்ஸ்டு ஒலியாக மாற்றும் பெட்டி) வையுங்கள், சவுண்ட்ஸ்காரரிடம் இருக்கும்.

எக்ஸ்எல்ஆர் (மைக் வயரின் மூன்று ஊசி முனை) மாற்றுமுனை போட்டு மைக் துளையில் நேராக இணைக்க மட்டும் வேண்டாம். மின்சாரம் தேவைப்படும் கன்டென்சர் மைக்குக்காக அங்கே 48 வோல்ட் போட்டிருந்தால் அது உங்கள் பெடலுக்குள் வந்துவிடும்.

பண்டாரவளை_கீபோர்ட்:
அண்ணா சொன்னது சரி. விசிலைப் பற்றி நான் எழுதுகிறேன். தம்பி, அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். விசில் நின்றால் கோளாறு அடாப்டர் பக்கம். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து டிஜிட்டல் பெடலுக்கும் பழைய ஓவர்டிரைவ் (இலேசான டிஸ்டார்ஷன் தரும்) பெடலுக்கும் மின்சாரம் கொடுத்தால் இந்த விசில் வரும். பாட்டு ஓடும் கைபேசியைச் சார்ஜரில் போட்டபடியே மிக்ஸரில் இணைத்தாலும் வரும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எது என்று தானாகவே தெரியும்.

அவசரத்தில் கீபோர்டின் அடாப்டரை எடுத்துப் பெடலில் செருகிவிடாதீர்கள். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை எதிர். கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட், நடுமுனை நேர். முனை ஒரே அளவாக இருந்து உள்ளேயும் போய்விடும். அடாப்டரின் அடியில் ஒரு வட்டமும் அதன் இரு பக்கத்திலும் கூட்டல், கழித்தல் குறிகளும் அச்சிட்டிருக்கும். அதைப் பெடலின் முதுகில் உள்ள படத்தோடு ஒப்பிட்ட பிறகே கை வையுங்கள். மில்லி அம்பியர் கேட்பதைவிடக் கூடுதலாக இருப்பதில் ஆபத்து இல்லை, குறைவாக இருக்கக் கூடாது.

பதுளை_பேஸ்:
முனகலுக்கு நான். கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் கிட்டாருக்குள் கம்பியின் எர்த் இணைப்பு அறுந்துபோகவில்லை. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் ஒற்றைச் சுருளாக இருக்க வேண்டும். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்; அந்த 50ஐயும் அதன் மடங்குகளையும் சுருள் வாங்கிக்கொள்கிறது. நின்ற இடத்திலேயே உடம்பைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் முனகல் தணியும். பந்தலின் அலங்கார விளக்குகளுக்கும் அவற்றின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்கும் எட்ட நில்லுங்கள். நாய்ஸ் கேட்டை வரிசையில் முதலாவதாக, டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்து, முனகல் அடங்கும் அளவுக்கு மட்டும் கூட்டினால் போதும். நானுஓயாக்காரர் சொன்னபடி கூட்டிக்கொண்டே போனால் நீட்டி இழுக்கும் சுரம் பாதியில் அறுந்துவிடும்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து தட்டாதீர்கள். முனகலைப் போக்க ஆம்ப் பிளக்கின் எர்த் காலைக் கழற்றிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. முனகல் போகும், உண்மைதான். ஆனால் ஆம்புக்குள் ஒரு கம்பி உரசினால் 230 வோல்ட்டும் உங்கள் கிட்டார் கம்பிக்கு வந்துவிடும். மறு கையோ உதடோ மைக்கைத் தொட்டால் மின்சாரம் உடம்பின் ஊடாகப் போகும். மழையில் நனைந்த தரையில், பக்கத்து லயத்து வீட்டிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷனில் வாசிக்கிறவர்கள் நாம். அந்த வயரில் எர்த் கம்பி இருக்கிறதா, அது எடுக்கப்பட்ட இடத்தில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று மின்சார வேலை தெரிந்தவரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். கருவிகள் இரு வழியாக எர்த்தில் சேர்வதால் (எர்த் வளையம்) வரும் முனகல் என்றால் அதை வெட்ட டிஐ பெட்டியிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஒலி வயரின் தரை இணைப்பை மட்டும் பிரிக்கும், உயிரோடு விளையாடாது.

மேட்டுலயம்:
எல்லோருக்கும் நன்றி. ஒற்றை வளைய வயரைப் போட்டதும் கிட்டார் முழுதாக வந்துவிட்டது. சவுண்ட்ஸ்காரரே எழுந்து வந்து பார்த்தார். பட்டரியில் விசில் இல்லை. ஓவர்டிரைவோடு ஒரே அடாப்டரைப் பங்கிட்டதுதான் காரணம். எக்ஸ்டென்ஷனில் எர்த் கம்பியே இருக்கவில்லை, கோவில் கமிட்டியிடம் சொல்லி வேறு வயர் போட்டாயிற்று. முனகல் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். குளவி மட்டும் போகவில்லை.

கொட்டகலை_ஒலி:
கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே வேகமாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூர்மையான ஒலியெல்லாம் அங்கேயே அடங்கிப்போகும். மேடை ஸ்பீக்கர் பாட்டுக்கும் பேச்சுக்கும் செய்தது, மேலே உள்ளதையும் விடாமல் கக்கும். பெடலில் கேபினெட் என்று, ஆம்ப் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலியை வடிகட்டும் ஓர் அமைப்பு இருக்கும்; மிக்ஸருக்குப் போகும்போது அதைத் திறந்து (ஓன் செய்து) வையுங்கள். உண்மையான கிட்டார் ஆம்புக்குள் போகும்போது மூடிவிடுங்கள், இல்லையென்றால் இரட்டை வடிகட்டலில் ஒலி மங்கிவிடும். கேபினெட் திறந்தும் குத்தினால் ஈக்வலைசரில் 5,000 அல்லது 6,000க்கு மேலே வெட்டுங்கள்.

ஹெட்போனில் அமைத்த ஒலியை அப்படியே மேடைக்குக் கொண்டுபோவதும் சரிவராது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் குறைவாகவே எட்டும். பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து வரைந்து காட்டிவிட்டார்கள். இரவில் வீட்டாரை எழுப்பாமல் வாசிக்கும்போது இரண்டு ஓரங்களையும் கூட்டி, நடுவைக் குறைத்து வைக்கத் தோன்றும். மேடையின் சத்தத்தில் அதே அமைப்பு அடியில் உறுமும், மேலே கீறும். கிட்டார் வாழும் நடுப்பகுதியோ கீபோர்டுக்கும் தப்பு மேளத்துக்கும் அடியில் புதைந்துவிடும். நடுவைக் கூட்டுங்கள், கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) குறையுங்கள், ரிவெர்ப்பைப் பாதியாக்குங்கள். வீட்டில் தனியே கேட்டால் அசிங்கமாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். மேடைக்கென்று தனிப் பேட்ச்களாக (அமைப்புத் தொகுப்புகளாக) சேமித்து, எல்லாவற்றின் சத்த அளவையும் ஒரே ஒத்திகையில் சமப்படுத்திவிடுங்கள்.

மேட்டுலயம்:
கேபினெட் மூடித்தான் இருந்தது, திறந்ததும் குளவி போய்விட்டது. கடைசியாக ஒன்று அண்ணா. மீள்சார்ஜ் பட்டரி போட்டால் சீக்கிரமே ‘பட்டரி தீர்ந்தது’ என்று காட்டுகிறது. மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகுமா?

பண்டாரவளை_கீபோர்ட்:
புதுப்பிக்கத் தேவையில்லை. சாதாரண அல்கலைன் ஒன்று 1.5 வோல்ட், மீள்சார்ஜ் ஒன்று 1.2 வோல்ட். நான்குக்கும் சேர்த்து 6 இருக்க வேண்டிய இடத்தில் 4.8தான் வருகிறது. அமைப்புகளில் பட்டரி வகை என்ற இடத்தைத் தேடி நிக்கல் வகைக்கு மாற்றினால் அளவுகாட்டி சரியாகக் காட்டும். என்றாவது புதுப்பிக்க நேர்ந்தால் முதலில் உங்கள் பேட்ச்களைக் கணினியில் பிரதி எடுத்து வையுங்கள். மேசைக் கணினி வேண்டாம், பட்டரி உள்ள மடிக்கணினியில் செய்யுங்கள். ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடி இடிக்கத் தொடங்கினால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால் பெடல் மறுபடி எழும்பாமலே போகலாம். காலையில் செய்யுங்கள்.