கடலடி விளையாட்டுக்குச் சொல் தேடல்: ‘உருமறைப்பு’ ஒன்றே போதுமா?

வணக்கம்.

கேமஃப்ளாஜுக்கு, அதாவது உயிர்கள் சுற்றுப்புறத்தில் தெரியாமல் ஒளிந்துகொள்வதற்கு, ‘உருமறைப்பு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக எதற்குத் தேடுகிறீர்கள் என்று நம் சொல்லாக்கக் குழுவில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அந்தச் சொல்லை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. நன்றாக ஊன்றிவிட்ட சொல் அது, பொதுப்பெயராக அப்படியே இருக்கட்டும்.

எங்கள் சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. கடலடியில் நடக்கும் வீடியோ கேம் ஒன்றை முழுக்கத் தமிழிலேயே செய்துகொண்டிருக்கிறோம். ஒளிந்து வாழும் உயிர்கள் மட்டும் இப்போதைக்கு 11. ஆடுபவர் ஓர் உயிரைக் கண்டுபிடித்ததும் அதன் குறிப்பு அட்டை திறக்கும். 11 அட்டைகளிலும் ‘உருமறைப்பு’ என்றே எழுதிப் பார்த்தோம். அதைப் படித்தவருக்கு அடுத்த உயிரை எப்படித் தேடுவது என்று ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று நிறத்தை மறைக்கிறது, இன்னொன்று நிழலை மறைக்கிறது, வேறொன்று தான் யார் என்பதையே மறைக்கிறது. எதை மறைக்கிறதோ அதை வைத்தே பெயர் சூட்டினால் பெயரே துப்பாகிவிடும். இதுதான் என் வாதம்.

முதலில் கணவாய். அதன் தோலைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக நிறமிப் பைகள் தெரியும். ஒவ்வொரு பையையும் சுற்றிச் சின்னத் தசைகள். தசை இழுத்தால் பை விரிந்து நிறம் பரவும், விட்டால் கடுகளவுகூட இல்லாமல் சுருங்கிவிடும். நரம்பு நேரடியாக இயக்குவதால் ஒரு நொடிக்குள் உடம்பு முழுக்க மாறிவிடுகிறது. தோலில் முண்டுமுண்டாக எழுப்பி, பக்கத்துப் பாறையின் சொரசொரப்பையும் கொண்டுவரும். இத்தனைக்கும் பெரும்பாலான கணவாய்களுக்கு நிறம் பிரித்தறியும் கண் இல்லை! இதற்குத் ‘தளமொப்பல்’ என்று எழுதியிருக்கிறேன். இருக்கும் தளத்தோடு ஒத்துப்போவது என்று பொருள். விளையாட்டில் இதை முறியடிக்கும் வழியும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது: தளத்தை மாற்று. மணலில் கிடக்கும் கணவாயைச் சரளைக்கல் பக்கம் விரட்டினால், அது மாறி முடிக்கும் அந்த ஒரு கணம் கண்ணில் படும்.

அடுத்தது கவுண்டர்ஷேடிங். அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1896இல் இதை விளக்கி எழுதினார். வெளிச்சம் மேலிருந்து விழுவதால் எந்த உடம்புக்கும் முதுகு வெளுத்தும் வயிறு இருண்டும் தெரிய வேண்டும். மீனோ முதுகைக் கறுப்பாகவும் வயிற்றை வெளுப்பாகவும் வைத்துக்கொண்டு அந்த நிழலைச் சரிக்கட்டிவிடுகிறது. உருண்டை உடம்பு தட்டையாகத் தெரிந்து நீரோடு கரைந்துபோகிறது. ‘எதிர்நிழல்’ என்று இங்கே ஒருவர் முன்மொழிந்தார். அதைக் கேட்டால் எதிர்ப்பக்கம் விழும் நிழல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கே நிழல் விழுவதில்லை, அழிகிறது. ஆகவே ‘நிழலழிப்பு’. விளக்கைக் கீழிருந்து அடித்தால் வெள்ளை வயிறு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இதே வரிசையில் இன்னொரு வித்தை. ஹவாய்க் கடலில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு கணவாய், ஒளிரும் பாக்டீரியாக்களைத் தன் உடம்புக்குள் வளர்க்கிறது. இரவில் வேட்டைக்குப் போகும்போது, மேலிருந்து வரும் நிலவொளிக்கு ஈடான வெளிச்சத்தைக் கீழ்நோக்கி விடுகிறது. அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு நிழலுருவே தெரியாது. இதை ‘எதிரொளி’ என்று சொல்லலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. எதிரொளிப்பு என்றால் இயற்பியலில் ஒளி பட்டுத் திரும்புவது. அந்த இடத்தில் இன்னொரு பொருளை ஏற்றினால் பள்ளிப் பிள்ளைகள் குழம்புவார்கள். ‘அடியொளி’ போதும். சின்னச் சொல், அடியில் வரும் ஒளி என்று கேட்டதுமே புரியும்.

இனி, நாம் அதிகம் சண்டை போட்ட இடம்: மிமிக்ரி, அதாவது ஓர் உயிர் வேறோர் உயிரைப்போலத் தன்னைக் காட்டிக்கொள்வது. ‘போலி’ வேண்டாம், போலி மருந்து, போலி ஆவணம் என்று கெட்ட வாடை அடிக்கிறது என்றார்கள். எனக்கு இலக்கணப் போலிதான் நினைவுக்கு வருகிறது. நிலம் என்பது நிலன் என்று வந்தால் கடைப்போலி. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று வந்து நின்று அதன் வேலையைப் பார்க்கிறது. அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? 1998இல் இந்தோனேசியாவின் சுலவேசி அருகே கண்டறியப்பட்ட ஓர் ஆக்டோபஸ் இதைத்தான் செய்கிறது. ஆறு கைகளை வளைக்குள் நுழைத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டை எதிரெதிர்த் திசையில் நீட்டி நெளிக்கிறது. பட்டை போட்ட கடல்பாம்பின் இடத்தில் அது நிற்கிறது. ‘போலி’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ஆஸ்திரேலியாவின் தென்கரையோரம் வாழும் இலைக் கடல்டிராகன் என்ற மீனைப் போலியில் சேர்க்கக் கூடாது. அதன் உடம்பெங்கும் தொங்கும் இலைகள் நீந்த உதவுவதில்லை. கண்ணாடி போன்ற சின்னத் துடுப்புகள்தான் அதை நகர்த்துகின்றன. இலைகள் முழுக்க முழுக்கப் பாசிக்கொத்தாகத் தெரிவதற்காகவே. இதற்கு ‘வேடம்’. வேறுபாட்டை இப்படிப் பாருங்கள். தளமொப்பும் உயிரைக் கண் காண்பதே இல்லை. வேடமிட்டதைக் காண்கிறது, ஆனால் ஏதோ பாசி என்று விட்டுவிடுகிறது. போலியையும் காண்கிறது, பாம்பென்று அஞ்சி விலகுகிறது. நிரல் எழுதுபவருக்கு இவை மூன்றும் வெவ்வேறு நிலைகள். ஒரே சொல்லில் அடைத்ததால்தான் எங்கள் சுறா, போலியைக் கண்டும் காணாததுபோல் அதன் பக்கமாகவே நீந்திப் போய்க்கொண்டிருந்தது.

அலங்கார நண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சுயிரியையோ (ஸ்பாஞ்ச்) பாசியையோ பிய்த்து, முனையை வாயில் வைத்து மென்று, ஓட்டின் மேலுள்ள கொக்கி மயிர்களில் மாட்டிக்கொள்கின்றன. ஓடு உரிக்கும் காலத்தில் பழைய ஓட்டிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டிக்கொள்வதும் உண்டு. விளையாட்டில் இது எனக்கு மிகவும் பிடித்த உயிர், ஏனென்றால் ஆடுபவர் விட்டுச்செல்லும் பொருளையே அது எடுத்து மாட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம். சொல்: ‘ஒட்டணி’. அணி என்பதில் அலங்காரமும் இருக்கிறது, அணிந்துகொள்வதும் இருக்கிறது.

ஆழ்கடலுக்கு இன்னொன்று தேவை. தம்மேல் விழும் ஒளியில் 0.5 விழுக்காடுகூடத் திருப்பி அனுப்பாத மீன்களைப் பற்றி 2020இல் ஓர் ஆய்வு வந்தது. தோலில் நெருக்கமாக அடுக்கிய கருநிறமி ஒளியை விழுங்கிவிடுகிறது. ‘ஒளிவிழுங்கி’ என்றே வைத்துவிட்டேன். விளக்கடித்தாலும் தெரியாது. பின்னால் மினுக்கும் வேறு உயிர்களின் வெளிச்சம் திடீரென்று அணைந்தால், இடையில் ஏதோ போகிறது என்று ஆடுபவர் உணர வேண்டும்.

விளிம்பைக் கோடும் பட்டையுமாக உடைத்து உருவைக் குலைப்பதற்கு ‘உருக்குலைப்பு’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை என்று நினைக்கிறேன். சரி, அதை விட்டுவிடுவோம்.

வினையாக்கமும் பார்த்துவிட்டேன். நிழலழிக்கும் மீன், வேடமிட்ட மீன், ஒட்டணிந்த நண்டு என்று எல்லாம் தடங்கலின்றி வருகின்றன. தளமொப்பல் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. ‘தளமொப்பிய கணவாய்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தயங்குகிறது. பொத்தானில் எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை என்பதால் ‘பின்புலத்தோடு ஒன்றல்’ சரிவராது. இதற்கு மாற்று தோன்றினால் எழுதுங்கள். கண்ணாடி உடம்புக்காரர்களுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘ஊடுதெரி’ என்று ஒரு சொல் மனதில் ஓடுகிறது. அதையும் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.