மேடையில லப்டொப் இல்லாமல் வாசிக்க எந்தப் பெட்டி?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில இருக்கிறன். தவில், பறை ஒலிகளை வெட்டி எலக்ட்ரோனிக் இசையோட நேரடியா வாசிக்கிறனான். இந்த வருசம் மட்டும் மூண்டு தரம் நிகழ்ச்சி நடுவில லப்டொப் இழுபட்டு, தாளம் குழம்பிட்டுது.

பஃபரை (லப்டொப் ஒலியைச் சேர்த்து வைச்சு அனுப்புற அளவு) 128 சாம்பிளில இருந்து 512க்கு ஏத்தினன். வெடிச்சத்தம் நிண்டது, ஆனா பாட் (pad) பொத்தானைத் தட்டினா பிந்திக் கேக்குது. 44.1 கிலோஹேர்ட்ஸில 512 எண்டா ஏறத்தாழ 12 மில்லிசெக்கன். விரலுக்கு அது விளங்குது. வைஃபையை நிப்பாட்டினன், ஓடியோ இன்டர்ஃபேஸ் (லப்டொப்புக்கு வெளியில பூட்டுற ஒலிக்கருவி) இரவல் வாங்கினன். சரிவரேல்ல.

இப்ப ரெண்டு சாம்பிளர் பெட்டி (வெட்டின ஒலித்துண்டுகளை லப்டொப் இல்லாமல் வாசிக்கிற கருவி) மனசில நிக்குது. எலெக்ட்ரோன் டிஜிடக்ட் முதல் மொடல்: 8 ஓடியோ ட்ராக், 64 ஸ்டெப் (தாளத்தின்ர சின்னப் படி), ஒவ்வொரு ட்ராக்குக்கும் வேற நீளம் வைக்கலாம். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ரசாப்பை 28 ஸ்டெப்பில (7×4) வைச்சு, கிக்கை (அடித்தள ட்ரம் அடி) நாலு எண்ணிக்கையா 16இல (4×4) விட்டா, 112ஆவது ஸ்டெப் முடியேக்க ரெண்டும் ஒண்டாச் சேரும். என்ர இசைக்கு உயிரே அந்த இடம்தான். ஆனா சாம்பிள் மோனோ. ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 ஸ்டீரியோ. 6 ஏஏ பற்றரியிலயும் ஓடும், கரண்ட் போனாலும் பயமில்ல.

இதுகளை மேடையில வாசிச்ச ஆக்கள் சொல்லுங்கோ: ஏழையும் நாலையும் ஒண்டா ஓடவிட்டு 40 நிமிசம் நிப்பாட்டாமல் வாசிக்க எதை வாங்கலாம்?